வணிகக் கடித ஆங்கிலம்: நடந்ததைச் சொல்வதும் நடக்க வேண்டியதைக் கேட்பதும்



உள்ளூர் வாடிக்கையாளரிடம் நாம் தமிழில் பேசிச் சரக்குக் கொடுக்கிறோம். ஆனால் குண்டூர் மிளகாய் மண்டிக்கும், லாத்தூர் பருப்பு மில்லுக்கும், ஊஞ்சா சீரகக் கமிஷன் கடைக்கும் எழுதும்போது ஆங்கிலமே பொது மொழியாக இருக்கிறது. முன்பு தபாலில் போன கடிதம் இன்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போகிறது. போகும் வழி மாறினாலும், எழுத்து எழுத்துதான். நாம் எழுதிய வாக்கியம் நாளை நம் முன்னாலேயே நீட்டப்படும். ஆகவே பணமும் சரக்கும் சம்பந்தப்பட்ட வாக்கியங்களில் ஓர் ஆங்கில வினைச்சொல்லை எந்த வடிவில் எழுதுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

படிக்க எளிதாக இருக்க ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கடிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு சொல்லில் போகும் பாக்கி

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர், தரகர் மூலமாக நாகபுரிப் பார்ட்டிக்கு 40 மூட்டை மஞ்சள் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பணம் வந்தது. மீதி வரவில்லை. தரகருக்கு ஒரு கடிதம் போட்டார், பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் இப்படி எழுதுகிறார்:

"இன் அவர் லாஸ்ட் லெட்டர் வீ இன்சிஸ்டட் தட் தி பார்ட்டி பெய்ட் தி பேலன்ஸ்."

அவர் சொல்ல நினைத்தது: "பார்ட்டி மீதியைக் கட்டியே ஆக வேண்டும் என்று போன கடிதத்தில் வற்புறுத்தினோம்." ஆனால் அந்த வாக்கியத்துக்கு முதலில் தோன்றும் பொருள் வேறு: "பார்ட்டி மீதியைக் கட்டிவிட்டது என்று போன கடிதத்தில் அடித்துச் சொன்னோம்." கடன் கொடுத்தவரே கடன் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

அவர் எழுத வேண்டியது இது:

"இன் அவர் லாஸ்ட் லெட்டர் வீ இன்சிஸ்டட் தட் தி பார்ட்டி பே தி பேலன்ஸ்."

'பெய்ட்' போய் 'பே' வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முதல் வாக்கியம் பாக்கி தீர்ந்தது என்று சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் பாக்கியைக் கேட்கிறது.

அவர் ஏன் தவறினார்? பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்ததால்தான்! முன்வினை இறந்த காலமானால் பின்வினையும் இறந்த காலமாக வேண்டும் என்பது பள்ளியில் சொல்லித் தந்த விதி. 'இன்சிஸ்டட்' என்று எழுதியதும் கை தானாக 'பெய்ட்' என்று எழுதிவிட்டது. அந்த விதி நடந்ததைச் சொல்லும் வாக்கியத்துக்கு உரியது. நடக்க வேண்டியதைக் கேட்கும் வாக்கியத்துக்கு அது பொருந்தாது.

வழக்கு என்று வந்தால், நாம் எழுதிய கடிதத்தை எதிர்த்தரப்பு நமக்கு எதிராகக் காட்டலாம். அது ஒன்றே முடிவான சான்றாகிவிடாது. ஆனாலும் "நான் நினைத்தது வேறு" என்று விளக்கம் சொல்லும் சுமை நம் தலையில் ஏறும். ஒரு சொல்லைச் சரியாக எழுதினால் அந்தச் சுமை இல்லை.

இரண்டு நிலைகள்

ஆங்கில வினைச்சொல்லுக்கு 'இண்டிகேட்டிவ்' என்று ஒரு நிலையும் 'சப்ஜங்டிவ்' என்று ஒரு நிலையும் உண்டு. முதலாவதைச் செய்தி நிலை என்றும், இரண்டாவதை எண்ண நிலை என்றும் வைத்துக்கொள்வோம்.

உள்ளது, நடந்தது, நடப்பது, நடக்கப் போவது ஆகியவற்றைச் செய்தியாகச் சொன்னால் அது செய்தி நிலை. "சரக்கு வந்தது", "விலை ஏறுகிறது", "நாளை லாரி வரும்" என்பவை எல்லாம் செய்திதான்.

இன்னும் உலகில் நடக்காமல் நம் மனத்தில் மட்டும் இருப்பதைச் சொன்னால் அது எண்ண நிலை. "இப்படி நடக்க வேண்டும்" என்று கேட்பதும், "இப்படி இருந்திருந்தால்" என்று கற்பனை செய்வதும் இதில் அடங்கும்.

இது நமக்குப் புதிதல்ல. தமிழில் வியங்கோள் வினை இருக்கிறதே! கடை வாசலில் 'வருக' என்று எழுதுகிறோம். மணமக்களை 'வாழ்க' என்கிறோம். 'வருக' என்பது யாரோ வந்துவிட்ட செய்தி அல்ல. வர வேண்டும் என்ற விருப்பம். இந்த வியங்கோள் மூன்று இடத்துக்கும் ஐந்து பாலுக்கும் பொதுவாக வரும் என்கிறது நன்னூல். நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவர்கள் வாழ்க. வினையின் வடிவம் மாறுவதில்லை.

ஆங்கில எண்ண நிலையும் அப்படியே. "காட் பிளெஸ் யூ" என்று வாழ்த்துகிறார்கள். கடவுள் ஒருவர்தான் என்றாலும் 'பிளெஸ்ஸஸ்' என்று சொல்வதில்லை. 'பிளெஸ்ஸஸ்' என்றால் "கடவுள் வாழ்த்துகிறார்" என்ற செய்தி. 'பிளெஸ்' என்றால் "கடவுள் வாழ்த்துக" என்ற விருப்பம். நம் வியங்கோளை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த இலக்கணத்தில் பாதி புரிந்துவிடும்.

கேட்கும் வாக்கியத்தின் அமைப்பு

நடக்க வேண்டியதைக் கேட்கும்போது நினைவில் கொள்ள வேண்டியவை நான்கு.

1. ஒருவரைக் குறிக்கும் வினையின் கடைசியில் வரும் 'ஸ்' இங்கே வராது. "வீ டிமாண்ட் தட் தி மில் ரிடர்ன் தி அட்வான்ஸ்" என்பதே சரி. மில் ஒன்றுதான் என்பதற்காக 'ரிடர்ன்ஸ்' என்று எழுத வேண்டாம்.

2. 'இஸ்', 'ஆர்', 'ஆம்' ஆகிய மூன்றுக்கும் பதிலாக 'பி' மட்டும் வரும். "வீ ரிக்வெஸ்ட் தட் தி பேக்ஸ் பி வெய்ட் பிஃபோர் லோடிங்." லாரியில் ஏற்றுமுன் மூட்டைகளை எடை போடும்படி கேட்கிறோம்.

3. 'வேண்டாம்' என்று சொல்ல 'நாட்' மட்டும் போதும். 'டு நாட்', 'டஸ் நாட்' தேவையில்லை. "வீ ரிக்வெஸ்ட் தட் தி டிரைவர் நாட் யூஸ் ஹுக்ஸ்." ஓட்டுநர் மூட்டையில் கொக்கி போட வேண்டாம் என்று கேட்கிறோம்.

4. முன்வினை எந்தக் காலத்தில் இருந்தாலும் பின்வினை மாறாது. இன்று கேட்டாலும் 'பே', நேற்றுக் கேட்டிருந்தாலும் 'பே', நாளை கேட்கப் போவதானாலும் 'பே'. ஈரோட்டு வியாபாரி தவறியது இந்த இடத்தில்தான்.

எந்தச் சொற்களுக்குப் பின் வரும்?

டிமாண்ட், ரிக்வெஸ்ட், ஆர்டர், டைரக்ட், ப்ரொப்போஸ், ரெக்கமெண்ட் போன்ற கேட்கும் சொற்களுக்குப் பின்னால் 'தட்' வந்தால் எண்ண நிலை வரும். 'இட் இஸ் எசென்ஷியல்', 'இட் இஸ் நெசசரி', 'இட் இஸ் டிசையரபிள்' போன்ற தொடக்கங்களுக்குப் பின்னும் வரும்.

"இட் இஸ் எசென்ஷியல் தட் தி இன்வாய்ஸ் பி கிவன் டு தி டிரைவர்." இன்வாய்ஸை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவது அவசியம்.

இதற்கு மாறாக, நோ, பிலீவ், ஸே, இன்ஃபார்ம், கன்ஃபர்ம், ஹோப் ஆகிய சொற்கள் செய்தி நிலையைத்தான் கேட்கும்.

"வீ கன்ஃபர்ம் தட் தி அமவுண்ட் இஸ் கரெக்ட்." தொகை சரி என்று உறுதி செய்கிறோம். இங்கே 'பி' போட்டால் தவறு. புதிதாக ஒரு விதி கற்றதும் அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசை இங்கே உதவாது.

இரண்டு முகம் கொண்ட மூன்று சொற்கள்

மேலே சொன்னவற்றில் குழப்பம் அதிகம் இல்லை. மூன்று சொற்கள்தான் ஆளை மாற்றிவிடும். அவை செய்தியும் சொல்லும், கோரிக்கையும் வைக்கும். இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டென்றால் இந்த மூன்றுதான்.

முதலாவது 'இன்சிஸ்ட்'. "அடித்துச் சொல்கிறேன்" என்பது ஒரு பொருள். "கட்டாயம் செய்ய வேண்டும்" என்பது இன்னொரு பொருள்.

"தி மில் இன்சிஸ்ட்ஸ் தட் தி டால் இஸ் நியூ கிராப்." பருப்பு புது வரத்துதான் என்று மில் சாதிக்கிறது.
"வீ இன்சிஸ்ட் தட் தி டால் பி நியூ கிராப்." பருப்பு புது வரத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம்.

பழைய சரக்கைப் புதுச் சரக்கு என்று அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். "வீ இன்சிஸ்ட் தட் தி டால் இஸ் நியூ கிராப்" என்று நாம் எழுதியிருந்தால், அவர்கள் கட்சிக்கு நாமே சாட்சி சொன்னதுபோல் ஆகும்.

இரண்டாவது 'சஜஸ்ட்'. "காட்டுகிறது" என்றும் பொருள். "யோசனை சொல்கிறேன்" என்றும் பொருள்.

"தி ஸ்மெல் சஜஸ்ட்ஸ் தட் தி ரைஸ் இஸ் டாம்ப்." வாடையைப் பார்த்தால் அரிசி ஈரமாக இருப்பதாகத் தெரிகிறது.
"வீ சஜஸ்ட் தட் தி ரைஸ் பி டிரைட்." அரிசியைக் காயவைக்கலாம் என்பது எங்கள் யோசனை.

மூன்றாவது 'அட்வைஸ்'. வணிகக் கடிதங்களில் இச்சொல் 'தெரிவிக்கிறோம்' என்ற பொருளிலும் வரும். 'செய்வது நல்லது' என்ற பொருளிலும் வரும்.

"வீ அட்வைஸ் தட் தி குட்ஸ் ஆர் இன்ஷூர்ட்." சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிவிக்கிறோம்.
"வீ அட்வைஸ் தட் தி குட்ஸ் பி இன்ஷூர்ட்." சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்வது நல்லது என்கிறோம்.

முதல் வாக்கியத்தைப் படித்தவர் இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். இரண்டாவதைப் படித்தவர் உடனே இன்ஷூரன்ஸ் செய்ய ஓடுவார். நாம் இரண்டாவதை நினைத்துக்கொண்டு முதலாவதை எழுதிவிட்டால், சரக்குக்கு இன்ஷூரன்ஸே இராது. வழியில் லாரி கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை 'ஆர்' என்ற ஒரு சொல்லில் ஆரம்பமாகும்.

வடிவம் காட்டிக்கொடுக்காத இடம்

இங்கே ஓர் எச்சரிக்கை. யூ, வீ, தே, ஐ ஆகிய சொற்களோடு வரும்போது பெரும்பாலான வினைகள் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"வீ இன்சிஸ்ட் தட் யூ பே தி ஃப்ரெய்ட்." லாரி வாடகையை நீங்கள் கட்டுவதுதான் வழக்கம் என்று சாதிக்கிறோமா, நீங்கள் கட்ட வேண்டும் என்று கேட்கிறோமா? வாக்கியத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் 'மஸ்ட்' அல்லது 'ஷுட்' சேர்த்து எழுதுவதே நல்லது. "யூ மஸ்ட் பே தி ஃப்ரெய்ட்" என்றால் மறுபேச்சுக்கு இடமில்லை.

அமெரிக்க வழக்கும் ஆங்கிலேய வழக்கும்

அமெரிக்கர்கள் "தட் ஹி பே", "தட் இட் பி" என்ற வடிவத்தைத் தாராளமாக எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 'ஷுட்' சேர்த்து, "தட் ஹி ஷுட் பே", "தட் இட் ஷுட் பி" என்று எழுதும் வழக்கமும் அதிகம். நம் நாட்டுக் கடிதங்களில் இரண்டும் வருகின்றன; இரண்டும் சரியே.

இங்கிலாந்தில் மூன்றாவது வழக்கம் ஒன்றும் உண்டு. கோரிக்கை வைக்கும்போதும் சிலர் செய்தி வடிவத்திலேயே "வீ இன்சிஸ்ட் தட் ஹி பேஸ்" என்று எழுதுவார்கள். ஆகவே 'பேஸ்' என்ற வடிவத்தை ஒருவர் செய்தியாகவும் இன்னொருவர் கோரிக்கையாகவும் படிக்க இடமிருக்கிறது. 'ஹி பே' என்பதையும் 'ஹி ஷுட் பே' என்பதையும் யாரும் "அவர் கட்டிவிட்டார்" என்று படிக்க முடியாது. வியாபாரிக்கு வேண்டியது ஒரே பொருள் தரும் வாக்கியம். ஆகவே 'பேஸ்', 'பெய்ட்' இரண்டையும் கோரிக்கையில் தவிர்த்துவிடுங்கள்.

ஆங்கில நடைக்கு நூல் எழுதிய ஃபௌலர் என்பவர் 1926-இல் வெளியிட்ட தம் அகராதியில், இந்த எண்ண நிலை வழக்கொழிந்து வருவதாகவே கருதினார். பேச்சு வழக்கில் அது குறைந்தது உண்மை. ஆனால் கோரிக்கைக் கடிதத்திலும், தீர்மானத்திலும், ஒப்பந்தத்திலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இடங்களில்தான்.

'இஃப்' வரும் வாக்கியங்கள்

'இஃப்' வந்தாலே 'வேர்' போட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் சொல்வது உண்மையாக இருக்கக்கூடியதா, அல்லது வெறும் கற்பனையா?

உண்மையாக இருக்கக்கூடும் என்றால் செய்தி நிலை:
"இஃப் தி பேக் இஸ் வெட், வீ வில் ரிடர்ன் இட்." மூட்டை நனைந்திருந்தால் திருப்பி அனுப்புவோம். நனைந்திருக்கலாம், நனையாமலும் இருக்கலாம்.

நடந்து முடிந்த காரியம், ஆனால் நமக்கு விவரம் தெரியாது என்றாலும் செய்தி நிலைதான்:
"இஃப் தி கிளார்க் வாஸ் இன் தி கோடவுன் யெஸ்டர்டே, ஹி மஸ்ட் ஹேவ் சைன்ட் தி சலான்." குமாஸ்தா நேற்றுக் கிடங்கில் இருந்தார் என்றால், சலானில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இங்கே 'வேர்' போடக் கூடாது.

உண்மை அல்ல என்று தெரிந்தே சொன்னால் எண்ண நிலை:
"இஃப் ஐ வேர் இன் யுவர் பிளேஸ், ஐ வுட் டேக் தி ஸ்டாக் நவ்." நான் உங்கள் இடத்தில் இருந்தால் சரக்கை இப்போதே எடுப்பேன். நான் உங்கள் இடத்தில் இல்லை, அதனால் 'வேர்'. பேச்சில் 'ஐ வாஸ்' என்பதும் காதில் விழும். கடிதத்தில் 'ஐ வேர்' என்று எழுதுவதே மரியாதை.

இதில் பணம் எங்கே இருக்கிறது? லாரி ஆபீசுக்கு எழுதும் கடிதத்தில் இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்:

"இஃப் தி கன்சைன்மென்ட் வாஸ் டேமேஜ்ட் ஆன் தி வே, வீ வில் கிளெய்ம் தி லாஸ்."
"இஃப் தி கன்சைன்மென்ட் வேர் டேமேஜ்ட், வீ வுட் கிளெய்ம் தி லாஸ்."

முதலாவது, "வழியில் சரக்குப் பழுதாகியிருந்தால் நஷ்டத்தைக் கேட்போம்" என்கிறது. இரண்டாவது, "பழுதாகும் என்று நாங்கள் நினைக்கவில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம்" என்ற தொனியில் இருக்கிறது. நஷ்டம் கேட்கும் இடத்தில் பேச்சுக்குச் சொல்வது எதற்கு?

சரக்குப் பழுதானது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் 'இஃப்' என்பதே வேண்டாம். "தி கன்சைன்மென்ட் வாஸ் டேமேஜ்ட். வீ கிளெய்ம் தி லாஸ்" என்று நேராக எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு இழப்புக்கோ பழுதுக்கோ லாரிக் கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டுமானால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அவர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பில் பழுதைச் செய்தியாகச் சொல்லுங்கள், கற்பனையாகச் சொல்லாதீர்கள்.

'விஷ்' வேறு, 'ஹோப்' வேறு

"வீ விஷ் யூ வில் பே சூன்" என்று பலர் எழுதுகிறார்கள். இது சரியான ஆங்கிலம் அல்ல. நடக்கக்கூடியதை எதிர்பார்த்தால் 'ஹோப்': "வீ ஹோப் தட் யூ வில் பே சூன்." இல்லாததை நினைத்து ஏங்கினால் 'விஷ்', அதற்குப் பின் 'வேர்': "வீ விஷ் தி பிரைஸ் வேர் லோயர்." விலை குறைவாக இருக்கக் கூடாதா என்கிறோம், உண்மையில் விலை குறைவாக இல்லை. 'வீ விஷ் டு இன்ஃபார்ம் யூ' என்பது வேறு வகை. "தெரிவிக்க விரும்புகிறோம்" என்ற பொருளில் அது சரியே.

தீர்மானமும் காசோலை அறிவிப்பும்

சங்கத்தின் பெயரிலோ கம்பெனியின் பெயரிலோ வங்கிக் கணக்குத் தொடங்கும்போது தீர்மான நகல் கேட்பார்கள். அதில் இப்படி எழுத வேண்டும்: "ரிசால்வ்ட் தட் எ கரண்ட் அக்கவுண்ட் பி ஓப்பன்ட்." நடப்புக் கணக்குத் தொடங்கப்படட்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. கணக்கு இன்னும் தொடங்கப்படவில்லை. தொடங்க வேண்டும் என்பதுதான் தீர்மானம். ஆகவே 'இஸ் ஓப்பன்ட்' அல்ல, 'பி ஓப்பன்ட்'. பொதுச் செயலாளர்களும் பொருளாளர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

அடுத்தது, பணமில்லாமல் திரும்பி வந்த காசோலை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், காசோலை கொடுத்தவரிடம் எழுத்து மூலம் பணத்தைக் கேட்க வேண்டும். முன்பு 15 நாளாக இருந்த இந்தக் கெடுவை 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 30 நாளாக்கியது. அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும்.

இங்கே சட்டம் எதிர்பார்ப்பது கோரிக்கை. "வீ ஆர் சாரி டு நோட் தட் யுவர் செக் வாஸ் ரிடர்ன்ட்" என்று வருத்தம் தெரிவித்தால் அது செய்தி மட்டுமே. "வீ ஹோப் யூ வில் பே" என்பது நம்பிக்கை. "வீ டிமாண்ட் தட் யூ பே தி செக் அமவுண்ட்" என்பதுதான் கோரிக்கை. இந்த அறிவிப்பை வக்கீல் மூலமாக அனுப்புவதே முறை. ஆனாலும் அனுப்புமுன் வாங்கிப் படித்து, பணம் கேட்கும் வாக்கியம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால்

கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இலக்கணப் புத்தகத்தைப் புரட்ட முடியாது. அதற்கு மூன்று சுலப வழிகள் உண்டு.

ஒன்று: 'ஷுட்' அல்லது 'மஸ்ட்' சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு: எதிரில் இருப்பவரிடமே கேட்பதானால், 'ப்ளீஸ்' போட்டு நேராகக் கேளுங்கள். "ப்ளீஸ் பே தி பேலன்ஸ் பை தி டென்த்."

மூன்று: செய்தியையும் கோரிக்கையையும் ஒரே வாக்கியத்தில் அடைக்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். "தி பார்ட்டி ஹேஸ் நாட் பெய்ட் தி பேலன்ஸ். ஹி மஸ்ட் பே இட் பை தி டென்த்." முதலில் நடந்தது, அடுத்து நடக்க வேண்டியது. நம் பேரேட்டில் வரவையும் பற்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுவதுபோல்தான் இதுவும்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் எந்தச் சொல் வரும் என்று பாருங்கள்.

1. வீ ரிக்வெஸ்ட் தட் தி பில் ____ கரெக்டட். – இஸ், பி: எது?
2. வீ கன்ஃபர்ம் தட் தி ஸ்டாக் ____ ரெடி. – இஸ், பி: எது?
3. தி டோர்ன் பேக்ஸ் சஜஸ்ட் தட் தி டிரைவர் ____ ஹுக்ஸ். – யூஸ், யூஸ்ட்: எது?
4. இட் இஸ் எசென்ஷியல் தட் தி லாரி ____ பிஃபோர் சிக்ஸ். – கம், கம்ஸ்: எது?
5. இஃப் மை பிரதர் ____ ஹியர் நவ், ஹி வுட் சைன். – வாஸ், வேர்: எது?
6. பணத்தைக் கேட்டோம் என்ற பொருளில்: வீ இன்சிஸ்டட் தட் தி பையர் ____ இன் கேஷ். – பே, பெய்ட்: எது?

விடைகள்

1. பி. திருத்தும்படி கேட்கிறோம்.
2. இஸ். சரக்குத் தயார் என்ற செய்தி.
3. யூஸ்ட். மூட்டை கிழிந்திருப்பது, ஓட்டுநர் கொக்கி போட்டதைக் காட்டுகிறது. யோசனை சொல்லவில்லை.
4. கம். ஆறு மணிக்கு முன் லாரி வர வேண்டும் என்கிறோம்.
5. வேர். தம்பி இப்போது இங்கே இல்லை.
6. பே. ரொக்கமாகத் தர வேண்டும் என்று கேட்டோம். 'பெய்ட்' என்றால், தந்துவிட்டார் என்று சாதித்தோம் என்றாகும்.

ஆறும் சரியாக வந்தவர்கள், தங்கள் கடையில் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சரிவராதவர்கள், மூன்று சுலப வழிகளை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்புமுன் ஒரு தரம் படித்து, "இது நடந்ததா, நடக்க வேண்டியதா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு பாக்கியைக் காப்பாற்றக்கூடும்.

கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். கடிதமும் கணக்கில் ஒரு பகுதிதான்.

வளர்க வணிகம்! வாழ்க வணிகர்!